சேலத்துக் கத்தியும் இலங்கைக் கத்தியும்

இரும்பு விளைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு தக்காளியை நசுக்கித்தான் வெட்டுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில், கீழே பார்வை திறக்கும் ஒன்றில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாளில் சேலம் நகரத்துக்கு அப்பால் கஞ்சமலை தெரியும். காந்த இரும்புத் தாது நிறைந்த மலை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது இந்த மாவட்டத்துத் தாதுவைத்தான் உருக்கினார். பிறகு இங்கிலாந்து போய், எஃகு வார்க்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். கத்திகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்தில் வார்ப்பு எஃகின் விலையை அது வெகுவாக இறக்கியது. இன்று கஞ்சமலையை ஒட்டி சேலம் உருக்காலை நிற்கிறது. 1981 முதல் அங்கே ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறார்கள்.

கடல் தாண்டி இலங்கைக்கும் இதற்குக் குறையாத இரும்புக் கதை உண்டு. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ பகுதியில், மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டறிந்தார். அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த உலைகள் கிட்டத்தட்ட 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை.

பழம்பெருமை இரு பக்கமும் சமம்தான். அடுப்படியில் இன்று என்ன கத்தி கிடக்கிறது என்று பார்க்கும்போதுதான் வழி பிரிகிறது.

நம் பக்கத்து வீடுகளில் வெகுகாலம் அரிவாள்மனைதான் முதல் கருவி. அலகு நிற்கும், காய்தான் அதன்மேல் நகரும். இரண்டு கையும் காயைப் பிடித்திருப்பதால் பரங்கிக்காயும் பிளக்கலாம், வாழைப்பூவையும் பஞ்சு பஞ்சாக அரியலாம். வங்காளத்தில் போட்டி, மராட்டியத்தில் விளி, ஆந்திரத்தில் கத்திபீட்ட என்று இந்தியா முழுக்க இதன் உறவுகள் இருக்கின்றன. சமையல் மேடை வந்ததும் நாம் எழுந்து நின்றோம். அரிவாள்மனை பரணுக்குப் போனது. அந்த இடத்துக்குப் பாத்திரக் கடையிலிருந்து ஒரு சின்னக் கத்தி வந்தது: நான்கைந்து அங்குலம், காகிதம் போன்ற அலகு, பிளாஸ்டிக் பிடி. பீன்ஸையும் வெங்காயத்தையும் உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலை நோக்கி இழுத்து நேரே வாணலியில் அரிந்துவிடும் நம் பழக்கத்துக்கு இந்த அளவு மிகவும் பொருத்தம். அளவில் குற்றமில்லை. குறை எஃகில்.

இலங்கையில் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை பெரும்பாலும் தேங்காய் துருவுவது. அதற்குத் திருவலை இருக்கிறது. வெட்டும் வேலை கைக்கத்திக்கு. அந்தக் கத்தி நம்முடையதைவிடக் கனமானது, முதுகு தடித்தது. சம்பலுக்கும் பாலுக்கும் நாள் தவறாமல் தேங்காய் உடைக்கிற வீடு அது. ஈரப்பலாக்காய், பலாக்காய், சூரை மீன் எல்லாம் எடை கேட்கிற பொருள்கள். அதே சமையலில்தான் வல்லாரையையும் முருங்கையிலையையும் இறுக்கிச் சுருட்டிப் பிடித்து நூல் நூலாக அரிந்து சம்பலும் வறையும் செய்கிறார்கள். சிங்கள வீடுகளில் மல்லுங். தேங்காய் பிளக்கும் கத்தியே கீரையையும் நூலாக அரிய வேண்டுமென்றால் அதன் வாய் எப்போதும் கூராக இருந்தாக வேண்டும். ஆகவே கல்லில் தீட்டுவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே நீடித்தது. கம்மாலையில் அடித்த கத்தியை மண்வெட்டி, திருவலையோடு சேர்த்துச் சந்தையில் வாங்குகிறார்கள்.

தோட்டப் பகுதிகளில் இரு நாடும் இன்னும் நெருங்கி வருகின்றன. சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன மக்களின் வழிவந்தவர்கள் இலங்கை மலையகத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். ஏற்காட்டில் காப்பிக்கும் மிளகுக் கொடி ஏறும் நிழல் மரங்களுக்கும் கவாத்து நடக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளாத ஆளை இரண்டு மலையிலும் பார்க்க முடியாது. அதே வீட்டு அடுப்படியில் நம் பக்கம் மொட்டைக் கத்தி கிடப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். தோட்டத்துக் கத்திக்குக் காட்டும் அக்கறையை வீட்டில் சமைக்கிறவர்களின் கத்திக்கும் காட்டியிருக்க வேண்டும்.

எஃகின் குறை என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாத்திரம் செய்யும் ஸ்டெயின்லெஸ் வேறு, கத்தி செய்யும் ஸ்டெயின்லெஸ் வேறு. 304 என்று கடையில் சொல்லும் பாத்திரத் தகட்டில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கரியோ 0.08 சதவீதத்துக்கும் கீழே. துருப்பிடிக்காது, பளபளக்கும், ஆனால் சூடேற்றித் தோய்ச்சல் வைத்தாலும் இறுகாது. வாய் தீட்டினால் இரண்டு நாள் வெட்டும், பிறகு மடங்கும். கத்திக்குக் கரி வேண்டும். உலகெங்கும் நடுத்தர விலைக் கத்திகளில் போடும் எஃகில் கரி அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவில் இருக்கும். விக்டோரினாக்ஸ் போன்ற சுவிஸ் கத்திகள் இந்த வகை. 420 என்ற மலிவான வகையில் கரி இன்னும் குறைவு. ஆனாலும் அது இறுகும், வீட்டுக்குப் போதும். 'சேலம் ஸ்டீல்' என்று கடைக்காரர் சொல்வது பாத்திரத்துக்கு நல்ல சான்று. கத்திக்கு அது பதிலாகாது.

கடையிலேயே சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். அலகில் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திரத் தகடு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது, ஏனென்றால் சாதா இரும்பிலும் காந்தம் ஒட்டும். அடுத்து வாயைப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை அலகு சீராக மெலிந்து வர வேண்டும். தட்டையான தகட்டில் ஓரத்தை மட்டும் சாய்த்துத் தேய்த்திருந்தால் கேரட் அரியாது, பிளந்து தெறிக்கும். பிடியை அழுத்தி ஆட்டிப் பாருங்கள்; அலகின் வால் பிடிக்குள் பாதிக்கு மேல் போயிருந்தால் ஆடாது. ரம்பப் பல் வைத்த கத்தியை ரொட்டிக்கும் தக்காளிக்கும் தவிர வாங்க வேண்டாம். அதைக் கல்லில் தீட்ட முடியாது, மழுங்கினால் குப்பைக்குத்தான். ஆறு கத்தி சேர்ந்த பெட்டியும் வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல கத்தி வரும்.

இரண்டாவது கத்தியைக் கொல்லுப்பட்டறையில் வாங்குங்கள் என்பேன். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளின் ஊர். கழித்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தப் பட்டையில் கரி அரை சதவீதத்துக்கு மேல். இலங்கையிலும் கம்மாலைகளுக்கு லொறி ஸ்பிரிங்தான் தங்கம். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்து இறக்குமதிப் பொருள்களெல்லாம் விலையேறிய காலத்திலும், உள்ளூர் இரும்பில் அடித்த கத்திக்கு டொலர் தேவைப்படவில்லை. பட்டறையில் கேட்க வேண்டியவை இரண்டு. எந்த இரும்பு? கட்டடக் கம்பியோ சாதாத் தகடோ என்றால் வேண்டாம். தோய்ச்சல் எப்படி? காந்தம் ஒட்டாமல் போகும் அளவு, அதாவது 770 டிகிரிக்கு மேல், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு இலேசாகச் சூடு காட்டி இறக்கியிருந்தால் வாய் நிற்கும், உடையவும் உடையாது. சமையலுக்கு என்று சொல்லி வாயை மெலிதாக அடித்து வாங்குங்கள். விறகுக் கத்தி கனத்தில் வந்தால் கீரைக்கு உதவாது.

இந்தக் கத்தி கருக்கும், துருவும் பிடிக்கும். புளியும் மாங்காயும் பட்டுக் கிடக்க விடாதீர்கள். வாழைக்காயும் வாழைப்பூவும் இரும்புக் கத்தியில் சீக்கிரம் கறுத்துவிடும், அவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் கத்தியே சரி. பலாக்காய்க்கு முன்பு அலகில் தேங்காய் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து வைத்தால் போதும். கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்திலேயே இரும்புக் கத்தியைக் காப்பாற்றுகிறார்கள். அடிவாரத்தில் நமக்கு என்ன தடை?

தீட்டுவது கடினமில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள கல் கிடைக்கும். நனைத்து வைத்து, இரண்டு சென்டிமீட்டர் அகல அலகானால் முதுகு மூன்று நான்கு நாணய உயரத்துக்குத் தூக்கியிருக்கும்படி, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடி வளையத்தில் தேய்த்தாலும் வாய் திரும்பும். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று, மெல்லப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். கிரானைட் மேடையில் நேரடியாக வெட்டுவது எந்தக் கத்தியையும் ஒரே நாளில் கெடுக்கும். கறிக்கடையில் புளியமரக் கட்டை வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. வீட்டுக்கும் ஒரு பலகை வாங்கிவிடுங்கள்.

விலையுயர்ந்த ஜப்பானியக் கத்தி வாங்கலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அவை மிக இறுகியவை. மீனுக்கும் காய்க்கும் அருமையானவை. தேங்காய் ஓட்டிலும் ஆட்டு எலும்பிலும் வாய் சிதறும். நம் சமையலுக்கு அது முதல் கத்தி ஆகாது.

என் தீர்ப்பு இதுதான்: சின்னக் கத்தியின் அளவில் நம் வழக்கம் சரி, கனமான கத்தியை வைத்துக்கொள்வதிலும் அதை வீட்டிலேயே தீட்டுவதிலும் இலங்கை வழக்கம் சரி. காந்தம் ஒட்டுகிற ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் கத்தி, ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஒரு கனக் கத்தி, ஒரு தீட்டுக்கல், ஒரு பலகை. பரணில் அரிவாள்மனை இருந்தால் அதையும் இறக்கித் தீட்டி வையுங்கள். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.