ஆலை1 என்ன நிறம்?

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடற்கரையோரமாக நெம்மேலி இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் இரண்டு ஆலைகள் அங்கு உள்ளன. 2013இல் தொடங்கப்பட்ட ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் தொடங்கப்பட்டதன் திறன் 15 கோடி லிட்டர். இரண்டையும் கூட்டப் பைதான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுவோமா?

ஆலை1 = 10
ஆலை2 = 15
மொத்தம் = ஆலை1 + ஆலை2

விடை 25. இதில் பிழையேதும் இல்லை. 2008இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல், பைதான் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் திரையைக் கவனியுங்கள். கட்டளைச் சொல், எண், பெயர் ஆகியவற்றை எளிதில் பிரித்தறிவதற்காக எடிட்டர்கள் அவற்றுக்குத் தனித்தனி நிறம் தீட்டுகின்றன. சில எடிட்டர்களில் 'ஆலை' ஒரு நிறத்திலும், அதை ஒட்டிய '1' எண்ணுக்குரிய நிறத்திலும் தோன்றும். 'பல1' என்று எழுதினாலோ முழுப் பெயரும் ஒரே நிறம்! இது ஏன்?

'லை' நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ அது 'ல', 'ை' என்னும் இரண்டு குறியீடுகள். யூனிகோடு முறையில் முன்னது எழுத்து, பின்னது சார்புக்குறி. புள்ளியும் அப்படியே. பெயரைப் படிக்கும்போது பைதான் இக்குறிகளை ஏற்கிறது. ஆனால் சொற்களைத் தேடுவதற்கு அதே பைதானில் உள்ள விதி இவற்றைச் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. அவ்விதியைக் கொண்டு நிறந்தீட்டினால், 'ஆல' என்பதோடு சொல் முடிந்துவிடும். '1' தனி எண்ணாகிவிடும். 'பல' என்பதில் குறியே இல்லாததால் அது தப்பிவிடுகிறது.

நிரல்தான் ஓடுகிறதே, நிறம் மாறினால் என்ன என்று கேட்கலாம். நிறம் வெறும் அலங்காரமன்று. மாணவனுக்கு அது எச்சரிக்கை விளக்கு. சரியான வரியில் தவறான விளக்கு எரிந்தால், தமிழில் பெயரிட்டதே தவறு என்று அவன் எண்ணுவான். பிழையற்ற நிரலைத் திருத்தத் தொடங்குவான். இதுவே இக்குறையின் உண்மையான கேடு.

தீர்வு கடினமன்று. சார்புக்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளுமாறு யூனிகோடு வழிகாட்டுதலே கூறுகிறது. எடிட்டர் ஆக்குவோர் அதைப் பின்பற்றினால் போதும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். உங்கள் எடிட்டரில் பல1, ஆலை1, கடல்1 என்று எழுதுங்கள். மூன்றும் ஒரே மாதிரி தோன்றாவிட்டால், குற்றம் உங்களுடையதன்று!