படுத்த படுக்கையில் ஒரு புலனாய்வு

ஜோசபின் டே எழுதிய ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ (1951) நாவலில் துப்பறிபவர் கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. குற்றவாளியைத் துரத்திப்போய், திறந்துகிடந்த தரைக்கதவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் இன்ஸ்பெக்டர் ஆலன் கிரான்ட். வலியைவிட அந்த அசட்டு விழுகைதான் அவரை அரிக்கிறது. பொழுதுபோக்கத் தோழி கொண்டுவந்த படங்களில் ஒன்று மூன்றாம் ரிச்சர்டு மன்னனுடையது. அண்ணன் மகன்கள் இருவரைக் கொன்றவன் என்று பாடப்புத்தகங்கள் பழிக்கும் ஆள். ‘இது கொலைகாரன் முகமா?’ என்ற சந்தேகத்தில் விசாரணை தொடங்குகிறது.

டேயின் கைத்திறன் இங்கேதான். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் பக்கங்கள் பறக்கின்றன. ரிச்சர்டைக் கரித்துக்கொட்டி வரலாறு எழுதிய தாமஸ் மோர், அவன் முடிசூடிய 1483-ல் ஐந்து வயதுப் பையன் என்று தெரியும் இடத்தில், சாட்சி கூண்டிலேயே கவிழ்கிறது. ரிச்சர்டு குற்றமற்றவன் என்ற நாவலின் தீர்ப்பை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. ஏற்க வேண்டியதுமில்லை. தன்னையே நொந்துகொண்டிருந்த மனிதர், ஐந்நூறு ஆண்டுப் பழி ஒன்றைக் கிளறத் தொடங்கியதும் தன் காலை மறந்துபோகிறாரே, அந்த மாற்றத்துக்காகவே படிக்கலாம். நாவல் வெளிவந்த மறு ஆண்டே டே புற்றுநோயால் இறந்தார்.