விளக்கும் எண்ணெயும்

அருங்காட்சியகம் கட்டப் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண் என்று கருதுவோர் இன்றும் உளர். நாம் அக்கட்சியைச் சார்ந்தோமல்லோம். கட்டியபின் பேணுவதற்குரிய பொருளை எவர், எப்போது ஒதுக்குவது என்பதே நம் வினா.

கீழடி அகழ்வைப்பகம் 18 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் செட்டிநாட்டுப் பாணியில் எழுப்பப்பெற்று, 2023 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. ஒரு மண்ணில் கிடைத்ததை அம்மண்ணிலேயே வைத்துக் காட்டுதல் முறையான செயல், மனமார வரவேற்கிறோம். ஆயினும், திறப்பு விழாவோடு கடமை முடிந்ததெனக் கருதினால் என்ன நேரும் என்பதற்கு எழும்பூரே சான்று. அங்குள்ள விக்டோரியா நினைவு மண்டபம், பொதுமக்கள் வழங்கிய நன்கொடையைக் கொண்டு 1906இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1909இல் திறக்கப்பட்டது. பின்னாளில் தேசியக் கலைக்கூடமாக விளங்கிய அக்கட்டடம், உறுதி குன்றியமையால் 2002இல் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஒரு தலைமுறை மாணவர் அதனுள் காலடி வைக்காமலே வளர்ந்துவிட்டனர்.

இனி, சென்னையின் மேற்குப் புறத்திற்கு வருவோம். பூண்டி ஏரியின் நீர் கால்வாய் வழியே பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்திற்கு வருவதை ஆவடி, அம்பத்தூர் மக்கள் அறிவர். அப்பூண்டிக்கு அருகே கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அறிந்தோர் எத்துணைப் பேர்? 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையுடையவை என்று 2011இல் அறிஞர்கள் வெளியிட்டனர். இத்தகைய கருவிகளைக் காட்டுவதற்கென்றே தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்றை அமைத்தது. மாளிகை எழுப்புவதைவிட, அதனை நன்கு நடத்தப் பொருள் தருவதே இங்கு முதல் தேவை.

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. 'வக்ஃபு' என்னும் அரபுச் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்பது பொருள். மூலச்சொத்து அப்படியே நிற்க, அதன் வருவாய் மட்டுமே அறத்திற்குச் செலவாகும். பள்ளிவாசல் கட்டியோர் அதன் விளக்குக்கும் பாய்க்கும் ஒரு தோப்பையோ கடையையோ எழுதி வைத்தனர். சோழர் கல்வெட்டுகளும் இந்நெறியையே காட்டுகின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடுகள் மாளலாம், ஈனலாம். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. விளக்கை மட்டும் கொடுத்து எண்ணெய்க்கு வழி செய்யாதிருப்பதை அவர்கள் அறமாகக் கொள்ளவில்லை.

ஆகவே, புதிய அருங்காட்சியகம் ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் கட்டடச் செலவோடு நிலைநிதி ஒன்றும் சேர்க்கப்பட வேண்டும். காப்பாட்சியர் ஊதியமும், எளிய தமிழில் விளக்கம் சொல்வோர் ஊதியமும், ஆண்டுதோறும் செப்பனிடும் செலவும் அதன் வட்டியிலிருந்தே வரவேண்டும். முதலில் எவரும் கை வைத்தல் கூடாது. பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. பார்ப்போர் வராத இடத்திற்கு நிதி கேட்டு வாதிட எவரும் முன்வரார். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே குறை காணின் அதனை எழுதித் துறைக்கு அனுப்புங்கள்.