தீட்டும் சிகிச்சையும்

மனநோய் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு, அதைக் குணப்படுத்துபவர் இயல்பின் காவலாளி என்பது ஃபூக்கோவை வாசித்த நம் சிறுபத்திரிகை வட்டத்தில் ஏறக்குறைய வாய்ப்பாடு. தோல் வெடித்து ரத்தம் கசிந்தும் கை கழுவுவதை நிறுத்த முடியாத குழந்தையிடம் இந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யறது?

எண்ணச் சுழற்சி நோயில் வேண்டாத எண்ணம் ஒன்று பயத்தைக் கிளப்புகிறது. கழுவினால் பயம் சற்றே அடங்கும். அந்த ஆறுதலே அடுத்த கழுவலுக்கு அச்சாரம். 'எலி மனித'னைப் பற்றி 1909இல் எழுதிய ஃபிராய்டு இதற்கு அர்த்தம் தேடினார். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் வேறு வழி கண்டார்: பயப்படுவதைத் தொடு, கழுவாதே, பொறுத்திரு.

குழந்தைகளுக்காக மார்ச்சும் முல்லேயும் 1998இல் எழுதிய கையேட்டில், நோய்க்குப் பட்டப்பெயர் வைப்பது குழந்தை. சின்ன பயம் முதல் பெரிய பயம் வரை ஏணி போடுவதிலும் அதன் சொல்லுக்கே இடம். எங்கள் நல்லூர்ப் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுவார்கள். வழக்கைச் சாமி பார்த்துக்கொள்ளும். இங்கே வழக்காடுவது குழந்தையேதான். அமெரிக்காவில் 112 பிள்ளைகளிடம் 12 வாரம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இச்சிகிச்சையால் மட்டும் நோய் ஏறக்குறைய நீங்கியவர்கள் 39.3 சதவீதம், மாத்திரையும் சேர்ந்தபோது 53.6, வெற்று மாத்திரையில் 3.6. இதைக் காவல் வேலை என்று தள்ளிவிட முடியாது.

நம் கேள்வி வேறு. 'தொட்டுட்டேன், ஒண்ணும் ஆகாதில்ல?' என்று குழந்தை கேட்கக் கேட்க, 'ஆகாதுப்பா' என்று தாய் தரும் உறுதிமொழியும் நோய்க்குத் தீனி. அதைக் குறைக்க உளவியலாளர் பெற்றோரையும் பழக்குகிறார். ஆனால் அந்த வீட்டில் வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் இருந்தால்? நோயின் அளவுகோல், நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறதா, செய்பவரை வதைக்கிறதா என்பது. தனி டம்ளர் வைப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார்; வதை அடுத்தவருக்கு. எனவே அது ஆசாரம்!

தீட்டுதான் இந்நோயை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. சாதியை மனநோய் என்பதும் ஆபத்து. நோயாளிக்குக் குற்றப் பொறுப்பு ஏது? தீண்டாமை, அரசியல் சட்டம் 17ஆவது பிரிவில் ஒழித்த குற்றம். ஆனால் சிகிச்சை அறையில் கதவுப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கக் கற்ற பிள்ளை, 'அவங்க தொட்டதைத் தொடாதே' என்னும் வீட்டுக்குத்தான் திரும்புகிறது. குழந்தை தன் ஏணியில் ஏறிவிடும். வீடு ஏற வேண்டிய ஏணியை உளவியலாளர் மட்டும் போட முடியாது. அது நம் வேலை.