ராஜத்துவேஷம் என்னும் சொல்

ராஜத்துரோகம், ராஜத்துவேஷம் என்னும் இரு சொற்களும் நம்மவரிடையே ஒரே பொருளில் வழங்கி வருகின்றன. இது பெரும் பிழையாகும். துரோகமென்பது செய்கை; துவேஷமென்பது மனத்தின் நிலை. தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4ல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டது ஆயுதம் வைத்திருந்தாரென்ற குற்றத்திற்காகவேயன்றித் துவேஷத்திற்காக அன்று. செய்கையை விசாரித்தறியலாம். மனத்தை எத்தராசில் நிறுப்பது?

1897ல் பம்பாயில் நடந்த திலகர் வழக்கில் நீதிபதி ஸ்டிரேச்சி, அரசாங்கத்தினிடம் அன்பில்லாதிருத்தலே துவேஷமென்று பொருள் கூறினார். அன்பின்மை வேறு, பகை வேறென்பதைத் தமிழ் கற்கும் சிறுவனும் அறிவான். கங்காணியிடம் அன்பில்லாதாரெல்லாம் அவருக்குப் பகைவரென்றால் தோட்டத்தில் மிஞ்சுவோர் யார்? ஆயினும் இத்தகைய பொருள்கோளின் நிழலிலேதான், 1908ல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குப் பேச்சுக்கு 20 ஆண்டும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 ஆண்டும் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

மலாயாவில் 1948ல் வெள்ளையர் இயற்றிய சட்டம் இன்றும் அமுலில் இருக்கின்றது. அதன் 3வது பிரிவை ஓர் இலக்கிய நூலைப் போலவே நாம் வாசித்துப் பார்த்தோம். சொல்லின் 'போக்கு' துவேஷமானதென்று கண்டால் போதும். சொன்னவர் கருத்து யாதென்று பார்க்க வேண்டுவதில்லையாம்! ஆசிரியன் கருதாத பொருளை ஏற்றி, அதற்கு ஆசிரியனையே தண்டிக்கும் முறையை நம் உரையாசிரியர் எவரேனும் ஒப்புவரா? அரசாங்கத்தின் குறைகளை எடுத்துக்காட்டித் திருத்தம் கோருதல் குற்றமன்றென்றும் அதே பிரிவு கூறுகின்றது. இது நல்ல வாசகமே. ஆனால் மூடப்பட்ட தோட்டத்தில் வீட்டுக்கும் கோயிலுக்கும் நிலங் கேட்டு மனு எழுதும் நம்மவருக்கு இவ்வாசகத்தைச் சொல்வாரில்லை. ஆதலின் கையெழுத்திடக் கை நடுங்குகின்றது.

அந்நடுக்கத்தை வெறும் பேதைமையென்றும் தள்ளுவதற்கில்லை. 2009ல் பேராக் மந்திரி புசார் நிஜார் பதவி நீக்கப்பட்டபோது, சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேட்கலாமென்றார் வழக்கறிஞர் கர்ப்பால் சிங். சட்டத்தைச் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் பேசியே முதிர்ந்தவர் அவர். வழக்குத் தொடரப்பட்டது. 2010ல் விடுதலை, 2012ல் அவ்விடுதலை ரத்து, 2014 பிப்ரவரியில் குற்றவாளியென்று தீர்ப்பு, 4000 ரிங்கிட் அபராதம். வாசகம் ஒன்றே, சட்டமும் ஒன்றே. தீர்ப்புகளே வேறு. அவ்வாண்டு ஏப்ரல் 17ல் கம்பார் அருகே சாலை விபத்தில் அவர் மாண்டார். அவர் சொன்னது ராஜத்துவேஷமன்றென்று கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது 2019 மார்ச்சில்.