கைகுலுக்கும் தூரம்

ராபர்ட் ட்ரூவின் ‘பிரைமரி’ பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஷாட்டில்தான் போய் நிற்பார்கள். மில்வாக்கியில் போலந்து வம்சாவளியினர் நிரம்பிய அரங்குக்குள் கென்னடி நுழைகிறார். ஆல்பர்ட் மேஸல்ஸ் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார். நீளும் கைகள், கென்னடியின் பின்னந்தலை. தோளில் சுமக்கக்கூடிய கேமரா வந்த புதிதில் எடுத்தது, கொண்டாடட்டும், நியாயம்தான்.

1960 ஏப்ரல் 5 அன்று விஸ்கான்சினில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் அதிபர் வேட்பாளர் யாராக இருக்கலாம் என்று வாக்களித்தார்கள். கென்னடிக்கு எதிரே ஹூபர்ட் ஹம்ஃப்ரி. எனக்குப் பிடித்தது ஹம்ஃப்ரி வரும் பகுதிகள். இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் விவசாயிகளிடம் தொண்டை வறளப் பேசுகிறார். காரில், மழை துடைப்பான் ஆட ஆட, கண்ணயர்கிறார். அவர் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாக்காரர். ‘விஸ்கான்சினின் மூன்றாவது செனட்டர்’ என்றே பேர் வாங்கியவர். பழகிய முகம் தோற்றது, நட்சத்திரம் ஜெயித்தது. இந்த முரண்தான் கதையின் மையம். படம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கேமரா வேட்பாளருக்கு எவ்வளவு நெருக்கமோ, வாக்காளருக்கு அவ்வளவு தூரம். வாக்காளர் கையாக வருகிறார், தொப்பியாக வருகிறார், வாக்குச்சாவடித் திரைக்குக் கீழே காலணியாக வருகிறார். அவர் வேட்பாளரிடம் என்ன கேட்டார்?

காரைக்காலில் இருந்து பார்ப்பதால்தான் இந்தக் கேள்வி உறுத்துகிறதோ என்னவோ. 2021 தேர்தலின்போது புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். எங்கள் மாவட்டத்துக்கு 5. சராசரி போட்டால் தொகுதிக்கு 33 ஆயிரம் பேர் சொச்சம். தமிழ்நாட்டில் அப்போது அது இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. இங்கே வேட்பாளர் கைகுலுக்குவதோடு விடமாட்டார். திண்ணையில் உட்காருவார், “ஆத்தா, முட்டி வலி எப்படி இருக்கு?” என்பார். ஆத்தாவும் லேசுப்பட்டவரல்ல. “அது கெடக்கு, முதியோர் பென்ஷன் மனு என்னாச்சு, தம்பி?” என்பார். பிரைமரியைப் பற்றி அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்கிற நெருக்கம் இங்கே சாதாரண விஷயம்.

அதற்குப் பலனும் உண்டு. 2021 தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. புதுச்சேரியின் 30இல் 6 பேர் ஜெயித்தார்கள். அதில் ஒன்று எங்கள் திருநள்ளாறு. கொடியைத் தாண்டி ஆளைத் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும்.

ஆனால் நாம் ஆளைத் தெரிந்துகொள்ளும்போது ஆளும் நம்மைத் தெரிந்துகொள்கிறார். யார் வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த மருமகன் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில். எண்ணி முடித்தபின் 20ஆம் எண் படிவத்தில் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியே வெளியாகிறது. ஒரு சாவடி என்பது இங்கே நாலைந்து தெரு. தனி ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியமில்லை. பல சாவடிகளைக் கலந்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் கேட்டது, சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், கூட்டல் போடுவது கடினமான காரியமே இல்லை.

இதே தெருக்களில் இன்னொரு வகை வாக்காளரும் இருக்கிறார்கள். 1962 கைமாற்றத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ‘சொல்தா’ குடும்பங்கள் இதில் நிறைய. பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குச்சாவடி போடுகிறார்கள். பெயர் அச்சிட்ட சீட்டை உறையில் வைத்துப் பெட்டியில் போடுவார்கள். எந்த அதிபர் வேட்பாளரும் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. தொலைக்காட்சியும் பாரீஸில் இருக்கும் மகனின் போனும்தான் அவர்களுக்குப் பிரச்சாரம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எம்.எல்.ஏ.வின் கைப்பேசி எண் மனப்பாடம். சொல்தா வீட்டுக்காரரோ இந்தியக் குடிமகன் இல்லை என்பதால் அந்த எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட முடியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் அவரிடம்தான் போக வேண்டும்.

இவர்களில் யார் அதிக சுதந்திரத்தோடு வாக்களிக்கிறார்? தூரத்து அதிபருக்குப் போடுகிறவர்தான் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்ற யோசனை அவர் ஓட்டில் கிடையாது. அதே காரணத்தால்தான் அவர் ஓட்டுக்கு அந்த லாரியை வரவழைக்கவும் முடியாது.

‘பிரைமரி’யில் திரைக்குக் கீழே தெரியும் அந்தக் காலணிகளை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் சற்று நிதானித்தேன். படத்தில் கேமரா வெளியே நின்றுவிடுகிற ஓரிடம் அது.