எக்மன் எழுத்துருவில் இயற்கை: அணியும் அமைப்பும்

இயற்கையைத் தழுவிய தலைப்பு எழுத்துருக்களில் இரு போக்குகள் காணப்படுகின்றன. எழுத்தின்மேல் இலையையும் கொடியையும் அணியாகச் சேர்ப்பது ஒன்று. கோடே தண்டுபோல் வளர்ந்து வளையுமாறு எழுத்தை அமைப்பது மற்றொன்று. ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ எக்மன் (1865–1902) வடிவமைத்து, 1900இல் ஆஃபன்பாக் நகரின் ருட்ஹார்ட் வார்ப்பகம் வெளியிட்ட எக்மன் எழுத்துரு இரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகும்.

இவ்வெழுத்துகளிலிருந்து தனியே பிரித்தெடுக்கத்தக்க பூவோ இலையோ இல்லை. தூரிகைக் கோடு தடித்தும் மெலிந்தும் செல்கிறது. சில எழுத்துகளின் வளையங்கள் முற்றிலும் மூடப்படாமல் நிற்கின்றன. இவ்வமைப்பிற்கு வரலாற்றுத் தேவையும் இருந்தது. அக்கால ஜெர்மனியில் முறிகோடுகளாலான ஃபிராக்டூர் எழுத்தா, ரோமன் எழுத்தா என்னும் பூசல் நிலவியது. எக்மனின் வளைகோடு இவ்விரு மரபுகளின் கூறுகளையும் ஓருருவில் இணைத்தது. எனவே அதனை வெறும் அலங்காரம் எனத் தள்ளுதல் பொருந்தாது.

எனினும் இம்முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு செடியின் ஈரிலைகள் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஈய அச்சிலோ ஓரெழுத்து எத்தனை முறை வரினும் அதே வளைவுடன் வருகிறது. நீண்ட பத்தியாக அடுக்கும்போது வளர்ச்சியாகத் தோன்றிய கோடு திரும்பத் திரும்ப வரும் கோலமாகிவிடுகிறது. சில எழுத்துகளே இடம்பெறும் தலைப்பில் இம்முரண் வெளிப்படுவதில்லை. ஆகவே, இவ்வெழுத்துருவின் உயிர்ப்பு அதன் வடிவத்தை மட்டுமன்றி, அது பயன்படும் அளவையும் சார்ந்தது என்பது பெறப்படும்.